பேசாதிருப்பது சமாதானமா?

(மன்றத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இஸ்ரேலியருக்கும் பலஸ்தீனருக்கும் இடையே சமாதானப் பேச்சு இயலுமா, இயலாதா என்னும் பொருள் பற்றி இளைஞர் பக்கத்திலிருந்து பேச வேண்டுமென்று செயற்குழுவினர் எங்களைப் பணித்தனர். மகிழ்ச்சியோடு ஏற்றோம். ஆனால் உரையை எழுத உட்கார்ந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. ஹுன்னஸ்கிரியவில் இருந்துகொண்டு எருசலேமைப் பற்றிப் பேசுவது மிக இலகு. அங்கே நமக்குக் காணியும் இல்லை, கடையும் இல்லை, எரிந்த வீடும் இல்லை. யார் குற்றவாளி, யார் நிரபராதி என்று ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடலாம். திகனையைப் பற்றிப் பேசுவதே கடினம். அது நாம் கண்டிக்குப் போகும்போது பஸ் நிற்கும் இடம். ஆகவே பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். தந்த பொருளிலிருந்து தொடங்கி, அந்தப் பஸ் பாதைக்கே திரும்பி வர எண்ணியிருக்கிறோம்.

மிஷன் பாடசாலையிற் படித்த எங்களுக்கு அந்த நாட்டின் வரைபடம் சிறு வயதிலேயே பழக்கமாயிற்று. பெத்லகேம், எரிகோ, எபிரோன், காசா என்று ஊர்ப் பெயர்களை வேத பாட வகுப்பில் ஒப்புவித்தோம். மகியங்கனைக்கு வழி தெரியாத வயதிலே, எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் கள்ளர் கையில் அகப்பட்டவனைத் தூக்கிச் சென்று காப்பாற்றியவன் யாரென்று தெரிந்திருந்தது. அவன் சமாரியன், அடிபட்டவனுடைய கூட்டத்தார் உறவாட மறுத்த கூட்டத்தைச் சேர்ந்தவன். அந்தக் கதையை எங்களுக்கு எந்த நோக்கத்தோடு சொன்னார்களோ, அது வேறு விடயம். அயலான் யார் என்ற வினா மட்டும் அன்றே நெஞ்சில் விழுந்துவிட்டது.

வேதாகமத்துக்குப் பிந்திய பகுதியைப் பின்னரே கற்றோம். 1917ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி பிரித்தானிய வெளிநாட்டமைச்சர் பல்பர் ஒரு சிறிய கடிதம் எழுதினார். யூத மக்களுக்குப் பலஸ்தீனத்தில் ஒரு தேசிய இல்லம் அமைவதைத் தமது அரசு ஆதரிக்கும் என்பது அதன் சாரம். அக்காலத்தில் அங்கு வாழ்ந்தவரிற் பெரும்பாலோர் அரபு மக்கள். கடிதத்தில் அவர்களுடைய பெயரே இல்லை. யூதரல்லாத மற்றைச் சமூகத்தவர் என்ற அளவோடு முடிந்தது. பின்னர் ஐரோப்பாவிலே அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். தப்பியவருக்கு வேறு வாசல் திறக்கவில்லை. 1948இல் இஸ்ரேல் பிறந்தது. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட பலஸ்தீனர் வீடிழந்தனர். ஒருவனுக்குப் புகலிடம் கிடைத்த அதே ஆண்டில், அதே மண்ணில், மற்றவன் அகதியானான். 1993 செப்டம்பர் 13ஆம் திகதி ராபினும் அரபாத்தும் வாஷிங்டனிலே கைகுலுக்கினர். இரண்டு வருடங்களில் ராபினை ஒரு யூதனே சுட்டுக் கொன்றான். 2023 அக்டோபர் 7ஆம் திகதி ஹமாஸ் இயக்கத்தினர் இஸ்ரேலுள் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றனர். அதைத் தொடர்ந்த போரிலே காசாவில் மாண்டவர் பல பதினாயிரம். அவர்களுட் குழந்தைகள் எத்தனை ஆயிரம் என்று எண்ணும்போது மனம் கூசுகிறது. அந்தப் போர்க்காலத்திலும் இலங்கை இளைஞர் பண்ணை வேலைக்கும் கட்டட வேலைக்கும் அங்கே விமானம் ஏறினர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். பசிக்கு எல்லை தெரியாது.

இவ்வளவும் பத்திரிகையிற் படித்தவை. பத்திரிகையிற் குறைவாகப் படித்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம். அந்த அக்டோபர் 7ஆம் திகதிக்கு மூன்று நாட்களுக்கு முன்னர், இஸ்ரேலியப் பெண்களின் அமைப்பொன்றும் பலஸ்தீனப் பெண்களின் அமைப்பொன்றும் சேர்ந்து எருசலேமிலும் சாக்கடலோரத்திலும் சமாதானக் கூட்டம் நடத்தின. பிள்ளைகளை இனிமேலும் புதைக்க மாட்டோம் என்பதே தாய்மாரின் கோரிக்கை. இஸ்ரேலிய அமைப்பைத் தொடங்கியவருள் ஒருவர் விவியன் சில்வர் என்னும் அம்மையார். அக்டோபர் 7ஆம் திகதி தம் வீட்டில் அவர் கொல்லப்பட்டார். பேசி என்ன கண்டார் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அவருடைய மகன் தாயின் வேலையைத் தாமே கையிலெடுத்துக்கொண்டார் என்பதே அதற்குக் கிடைத்த விடை. விடை போதுமா என்பது வேறு.

இன்னோர் அமைப்பு 1995இல் தோன்றியது. அதனைப் பெற்றோர் வட்டம் என்பர். அதில் உறுப்பினராவதற்கு ஒரே தகுதி, அந்தப் போராட்டத்திலே நெருங்கிய உறவினர் ஒருவரைப் பறிகொடுத்திருக்க வேண்டும். மகனை இழந்த இஸ்ரேலியத் தந்தையும் சகோதரனை இழந்த பலஸ்தீனரும் போன்ற இருவர் சேர்ந்து பாடசாலை வகுப்பறைக்குள் போயிருக்கிறார்கள். இருவரும் தத்தம் இழப்பைச் சொல்வார்கள். நடந்ததை மறந்துவிடுங்கள் என்று எவரும் எவரையும் கேட்பதில்லை. இதைக் கவனிக்க வேண்டும். நமது நாட்டிலே சமாதானம் என்ற பெயரால் நடக்கும் கூட்டங்கள் பலவற்றில் முதல் நிபந்தனையே பழையதைக் கிளறக் கூடாது என்பதாயிருக்கிறது. அங்கேயோ பழையதைச் சொல்வதற்காகவே கூடுகிறார்கள்.

நிற்க. பேச்சு என்றவுடன் நமது பெரியோர்கள் முகத்தில் ஒரு கசப்பு எழுவதை நாங்கள் அறிவோம். "மௌனம் கலக நாஸ்தி" என்று எங்களுக்குக் கற்பித்தவர்கள் நீங்கள். 1977இலும் 1983இலும் லயங்களிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் செடிகளுக்குள்ளே ஒளிந்த தலைமுறை அது. 1983 ஜூலையிற் கண்டிப் பட்டினத்துத் தமிழ்க் கடைகள் எரிந்ததைக் கண்ணாற் கண்டவர்கள் இந்த மண்டபத்தில் இருப்பார்கள். அப்படிப்பட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு வாழச் சொன்னால் அது கோழைத்தனம் அன்று. விலை கொடுத்து வாங்கிய அறிவு. அந்த அறிவை மதித்தே, அதனோடு ஒரு வழக்காட வந்திருக்கிறோம். ஒரு வீட்டில் இருவர் பேசாதிருந்தாற் சண்டை ஓயலாம். இரண்டு ஊர்கள் பேசாதிருந்தாற் சண்டை ஓய்வதில்லை. ஓர் ஊரின் செய்தி மற்ற ஊருக்குத் தெரியாமற் போகிறது, அவ்வளவுதான்.

பேசிப் பார்த்தோம், பயனில்லை என்பதற்கு நீங்கள் காட்டும் முதற் சாட்சி பண்டாரநாயக்கா செல்வநாயகம் ஒப்பந்தம். 1957 ஜூலை 26ஆம் திகதி செய்யப்பட்டது. வடக்குக் கிழக்கில் தமிழிலே நிருவாகம், பிரதேச சபைகள் என்று நியாயமான ஏற்பாடுகள் அதில் இருந்தன. ஆனால் பேசியவர்கள் யார்? தலைவர்களும் அவர்களுக்கு அணுக்கமான சிலரும். சிங்களக் கிராமத்தவன் அந்த ஒப்பந்தத்தைப் பற்றி முதன்முதல் அறிந்தது அதை எதிர்த்தவர்களின் வாயிலிருந்தே என்று எண்ணுகிறோம். அதே ஆண்டு அக்டோபரில் ஜே. ஆர். ஜயவர்த்தனா அதனை எதிர்த்துக் கொழும்பிலிருந்து கண்டிக்கு, தலதா மாளிகையை நோக்கி, நடைபயணம் புறப்பட்டார், இம்புல்கொடையில் மறிக்கப்பட்டார். 1958 ஏப்ரல் 9ஆம் திகதி பிக்குமார் பிரதமரின் இல்லத்து வாசலில் அமர்ந்தனர். அன்றே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் நாடு எரிந்தது. 1965இல் டட்லி சேனநாயக்காவும் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தத்துக்கும் ஏறக்குறைய அதே கதி. இவை பேச்சின் தோல்விகளா? எங்கள் சிற்றறிவுக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே சிலர் பேசினர், கீழே எவரும் பேசவில்லை. கீழே இருந்த மௌனத்துக்குள்ளே தீ வைப்பது எளிதாயிற்று.

இன்னொன்றும் உண்டு. அந்த 1957ஆம் ஆண்டு ஒப்பந்தத்திலே மலையகத்து மக்களாகிய நமக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? குடியுரிமை பற்றிய விடயம் விரைவிற் கவனிக்கப்படும் என்ற ஒரு வாக்கியம். 1948இற் பறிபோன குடியுரிமை. கவனித்தார்கள்! 1964 அக்டோபரிலே புதுடில்லியில் ஸ்ரீமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரி அவர்களும் பல நாள் பேசினார்கள். சண்டையில்லை, சச்சரவில்லை; இரு தரப்பும் மிக மரியாதையாக நடந்துகொண்டன. 9,75,000 பேர் எடுத்துக்கொள்ளப்பட்டனர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். 1974இல் அந்த எஞ்சியதையும் சரிபாதியாகப் பிரித்தார்கள். களஞ்சியத்திலே அரிசி மூட்டை பங்கிடுவது போல. எந்தப் பாட்டியிடமும் எந்தத் தாத்தாவிடமும் லயத்து வாசலில் வந்து, "அம்மா, நீங்கள் எங்கே வாழ விரும்புகிறீர்கள்?" என்று அந்தப் பேச்சுக்கு முன்னர் எவரும் கேட்டதில்லை. பின்னர் இந்தியக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தவர் தொகை, அவர்கள் வகுத்த தொகையை எட்டவே இல்லை. தலைமன்னார்க் கப்பலுக்குப் போகும் ரயிலிலே தமக்கை ஏற, தங்கை மேடையில் நின்ற குடும்பங்களின் பிள்ளைகள் இங்கே இருக்கிறோம். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை எம்மவருட் பலர் நாடற்றவராகவே இருந்தனர்.

பல்பர் கடிதத்தை முதன்முதல் வாசித்தபோது எங்களுக்கு இந்தப் புதுடில்லிக் கணக்கே நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. அங்கே நடந்ததும் இங்கே நடந்ததும் வெவ்வேறு. ஆனால் ஒரு மக்களைப் பற்றிப் பேசுவதும் அந்த மக்களோடு பேசுவதும் இரு வேறு செயல்கள் என்பதை எம் தலைமுறைக்கு எந்தப் பேராசிரியரும் விளக்க வேண்டியதில்லை.

மக்களோடு பேசும் வேலையை நமது கண்டியிலேயே ஒருவர் தொடங்கினார். 1972இல் இயேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அடிகளார் சத்யோதய என்னும் நிலையத்தை நிறுவினார். சமூக ஆய்வுக்கும் சந்திப்புக்குமான நிலையம் என்று அதற்குப் பெயர். சந்திப்பு என்ற சொல்லை அவர் வீணாகத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். அக்காலத்திலே காணிச் சீர்திருத்தத்தின் பெயரால் தோட்டங்கள் அரசுடைமையாகி, தோட்டத் தொழிலாளி வேலையும் உணவுமின்றி வாடினான். பக்கத்துக் கிராமத்துச் சிங்கள விவசாயியோ காணியில்லாமல் வாடினான். இருவரையும் ஒருவருக்கொருவர் எதிரியாகக் காட்டுவது அரசியல்வாதிக்கு இலாபம். இருவரையும் ஒரு பாயில் உட்கார வைப்பது அடிகளாரின் வேலையாயிருந்தது. 2017இல் அவர் காலமானார். அவர் வேலை செய்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே 1977உம் 1983உம் வந்தன என்று நீங்கள் சொல்லலாம். மெய்தான். ஒரு நிலையம் ஒரு நாட்டை நிறுத்திவிட முடியாது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2023 ஏப்ரலில் நேபாளத்து நகர்கோட் என்னும் மலையூரிலே புலம்பெயர்ந்தோரின் உலகத் தமிழர் பேரவையினரும், சிறந்த இலங்கைக்கான சங்கம் என்ற பெயரிற் கூடிய பௌத்த பிக்குமாரும் சந்தித்து ஆறு அம்சங்களில் உடன்பட்டனர். அதனை இமாலயப் பிரகடனம் என்றனர். அதிகாரப் பகிர்வும் புதிய அரசியலமைப்பும் பொறுப்புக்கூறலும் அதிலே பேசப்பட்டிருந்தன. டிசம்பரிலே அதனை ஜனாதிபதியிடம் கையளித்துவிட்டுக் கண்டிக்கும் கொண்டுவந்து மல்வத்தை, அஸ்கிரிய மகாநாயக்க தேரர்களைச் சந்தித்தனர். 1957இல் ஒப்பந்தத்தைக் கிழிக்கச் சொல்லும் பயணத்துக்குக் கண்டி இலக்காயிருந்தது. 2023இல் ஓர் உடன்பாட்டைக் காட்டுவதற்குப் பிக்குமாரே அதே கண்டிக்கு வந்தனர். இதைச் சிறிதென்று எவரும் தள்ளக் கூடாது.

ஆயினும் தமிழ்த் தரப்பிலேயே கடுமையான எதிர்ப்பு எழுந்தது. எங்களைக் கேளாமல் எங்கள் பெயராற் பேசினீர்கள், போரில் நடந்தவற்றுக்கு நீதி எங்கே என்று தெளிவாகச் சொல்லவில்லை என்றனர். பிள்ளையை ஒப்படைத்துவிட்டு ஆண்டுக்கணக்காக வீதியோரத்தில் உட்கார்ந்திருக்கும் வடக்குத் தாய் அப்படிக் கேட்டால் அதில் என்ன தவறு? எங்கள் முறைப்பாடு இன்னும் எளிமையானது. நமது பசாரிலே அந்த ஆறு அம்சங்களை வாசித்த சிங்களவர் எத்தனை பேர், தமிழர் எத்தனை பேர்? மரக்கறிக் கடையிலும் பஸ் தரிப்பிலும் விவாதிக்கப்படாத பிரகடனம், மறுபடியும் மேலே சிலரின் பேச்சாகிவிடும் அபாயம் உண்டு.

அதே 2023இல் வேறொரு பேச்சும் நடந்தது. அதற்குப் பேச்சு என்று எவரும் பெயரிடவில்லை. மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைவையொட்டி ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் நடக்கத் தொடங்கி ஆகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை அடைந்தனர். கோப்பித் தோட்டத்துக்கு வந்த முன்னோர் எத்தனையோ பேர் காட்டிலே விழுந்து மாண்ட அதே திசையில் நடந்தார்கள். வழியில் மதவாச்சியும் தம்புள்ளையும் சிங்கள ஊர்கள். நீங்கள் யார், ஏன் நடக்கிறீர்கள் என்று தாமே கேட்டவர்கள் உண்டு. தண்ணீரும் உணவும் தந்தவர்கள் உண்டு. நம்மைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியும் படித்திராத மனிதன், வெயிலிலே நடந்து வந்த ஒரு மூதாட்டியின் முகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு நேரே விடை பெற்றான். நேபாளத்து மலையைவிட இந்தத் தார்ச்சாலையே எங்களுக்குப் பெரிதாய்த் தெரிகிறது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. இன ஒற்றுமை மேடைகளில் நமது பேச்சாளர்கள் தவறாது சொல்லும் ஒரு செய்தி உண்டு. கண்டிப் பெரஹராவிலே தலதாவோடு நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களும் ஊர்வலம் போகின்றன. இதோ நமது மெதமகாநுவரப் பக்கத்தில் 1815 பெப்ரவரி 18ஆம் திகதி பிடிபட்ட கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் மதுரை நாயக்கர் வழியினன். ஆகவே நாம் எல்லாரும் ஒன்று, என்பார்கள். கேட்க இனிமையாயிருக்கிறது. பொய்யும் இல்லை. ஆனால் 1983இல் கடைக்குத் தீ வைத்தவனும் விஷ்ணுவைக் கும்பிட்டவனாயிருந்திருப்பான். அந்த அரசனைப் பிடித்துக் கொடுத்த பின் எழுதப்பட்ட 1815ஆம் ஆண்டு உடன்படிக்கை, அவனுடைய உறவினரான ஆண்கள் கண்டி நாட்டுக்குள்ளேயே கால் வைக்கக் கூடாதென்று விதித்தது. பொதுவான தெய்வமும் பொதுவான அரசனும் அயலானைக் காப்பாற்றுவதில்லை. அயலானைக் காப்பாற்றுவது வேறொன்று. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

2018 பெப்ரவரி மாத இறுதியில் அம்பாறைப் பட்டினத்திலே ஒரு முஸ்லிம் உணவுக்கடை. சாப்பிட வந்த சிங்களவர் ஒருவர் கறியிலே ஒரு கட்டியைக் கண்டார். அது சிங்களவருக்குப் பிள்ளைப்பேறு இல்லாமற் செய்யும் மாத்திரை என்று கூச்சல் எழுந்தது. கூட்டம் சேர்ந்தது. கடைக்காரர் தமிழ் பேசுபவர்; சிங்களம் அரைகுறை. கேட்கப்படுவது என்னவென்று அவருக்கு விளங்கவில்லை. கறியில் மாவுக்கட்டி கிடந்ததற்கே கோபிக்கிறார்கள் என்று எண்ணி, "தெரியாது, ஆமாம், போட்டோம்" என்ற பொருள்பட உடைந்த சிங்களத்தில் ஏதோ சொன்னார். அந்த வார்த்தை கையடக்கத் தொலைபேசியிற் படம் பிடிக்கப்பட்டது. அவரை அடித்தார்கள், கடையை நொறுக்கினார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அந்தப் படம் முகநூலில் நாடெங்கும் ஓடியது. பின்னர் அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது மாவுக்கட்டிதான். அப்படியொரு மாத்திரை உலகில் எங்குமே இல்லையென்று வைத்தியர்களும் கூறினர். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

அந்தப் படம் ஓடிக்கொண்டிருந்த அதே நாட்களில், நமது பக்கத்திலே நடந்ததை உங்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் வீதி விபத்தை ஒட்டிய சச்சரவில் ஒரு சிங்கள லொறிச் சாரதியை நான்கு முஸ்லிம் இளைஞர் அடித்தனர். மார்ச் 3ஆம் திகதி அவர் இறந்தார். அது கொடிய குற்றம். அவர்கள் கைதாகியும் இருந்தனர். ஆனால் 5ஆம் திகதி திகனையில் கும்பல் இறங்கியது. எரிந்த வீடொன்றிலிருந்து ஒரு முஸ்லிம் இளைஞனின் உடலை எடுத்தார்கள். 6ஆம் திகதி அவசரகால நிலை. 7ஆம் திகதி முகநூல் முதலியவற்றுக்குத் தடை. அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வரை தீ பரவியது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகளை வாசித்து நீக்குவதற்குப் போதிய ஆட்கள் அந்த முகநூல் நிறுவனத்தில் இருக்கவில்லை. 2020 மே மாதம் அது மன்னிப்புக் கேட்டது. வெளிநாட்டு நிறுவனத்துக்குச் சிங்களம் தெரியவில்லை. சரி, பஸ்ஸில் அரை மணி நேர தூரத்தில் இருந்த நமக்கு?

நமக்குத் தெரியும் என்பீர்கள். தெரியும், ஒரு வகைச் சிங்களம். அதைக் கடைச் சிங்களம் என்று சொல்லலாம். அரிசி என்ன விலை, பஸ் எத்தனை மணிக்கு, மாத்தையா கொஞ்சம் பொறுங்கள். அரிசி வாங்க அது போதும். ஒரு வதந்திக்கு மறுமொழி சொல்லப் போதாது. அம்பாறைக் கடைக்காரருக்கு இருந்ததும் அந்தச் சிங்களமே. மறுபுறத்தில், நமது அயற் கிராமத்துச் சிங்கள இளைஞனுக்குக் கடைத் தமிழும் இல்லை. பழைய தலைமுறையிலே பசார் முதலாளிமாரும் பஸ் நடத்துனர்களும் தோட்டத்துத் தமிழைச் சரளமாகப் பேசினர். அந்த வழக்கமும் தேய்ந்து வருகிறது. தமிழ் 1987இல் அரச கரும மொழியாகிவிட்டது. எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் இரவும் பகலும் இரு மொழியும் அறிந்த உத்தியோகத்தர் வேண்டுமென்று 2011இல் நல்லிணக்க ஆணைக்குழு பரிந்துரைத்தது. அது முழுவதும் நிறைவேறியதென்று எவரும் சொல்லார். சட்டத்தில் இருக்கும் தமிழும் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதப்படும் சிங்களமும் இன்னும் சந்திக்கவில்லை.

எங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் படித்த பாடசாலையில் ஒரே மணி அடிக்கும், ஒரே மைதானம், ஒரே பாடசாலைக் கீதம். வகுப்பறை மட்டும் இரண்டு. சிங்கள மொழி மூலம் ஒரு பக்கம், தமிழ் மொழி மூலம் மறுபக்கம். பதின்மூன்று வருடங்கள் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டு, 1983இல் உங்கள் வீட்டில் என்ன பேசினார்கள் என்று ஒரு சிங்கள நண்பனை எங்களுள் எவரும் கேட்டதில்லை. அவர்களும் எங்களைக் கேட்டதில்லை. கிரிக்கெட்டைப் பற்றி நாள் முழுவதும் பேசினோம். பல்கலைக்கழக உணவுச்சாலையிலோ மேசைகள் மொழிவாரியாகப் பிரிந்திருக்கின்றன. இது எவரும் இட்ட கட்டளையன்று. பேச மொழியில்லாதவன் பேசக்கூடிய மேசையைத் தேடுகிறான்.

2018இல் நம்மவருட் சிலர், இது நமது சண்டையன்று, கதவைச் சாத்து என்றனர். பயத்தை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் 1983இல் இதே வார்த்தையை வேறு வீடுகளில் சொல்லியிருப்பார்கள். வேறு சில வீடுகளில் கதவைத் திறந்து நம்மவரை ஒளித்தும் வைத்தார்கள். 2018இலும் முஸ்லிம் குடும்பங்களுக்குத் தம் வீட்டில் இடங்கொடுத்த சிங்களவர் இருந்தனர். கதவு திறந்த வீட்டுக்கும் சாத்திய வீட்டுக்கும் வித்தியாசம் என்ன? மதமா, படிப்பா, வீரமா? எங்கள் எண்ணம், பழக்கமே. முன்னரே பெயர் தெரிந்தவனுக்குத்தான் அந்த இரவிலே கதவு திறக்கும். பெற்றோர் வட்டத்தார் வகுப்பறை வகுப்பறையாக ஏறி இறங்கியதும் அதற்காகவே. அரசுகள் கைகுலுக்கினாலும் குலுக்காவிட்டாலும், அடுத்த தலைமுறையில் ஒரு சிலருக்காவது மறுபக்கத்தானின் பெயரும் குரலும் தெரிந்திருக்கட்டும் என்று.

ஆகவே எங்கள் பொருளுக்கு விடையாக இதைச் சொல்கிறோம். இஸ்ரேலியரும் பலஸ்தீனரும் பேசுவது இயலுமா என்றால், மிகக் கொடிய நாட்களிலும் சிலர் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்; அது போரை நிறுத்தவில்லை. நிறுத்தாத பேச்சு வீண் என்று எண்ணுபவர்கள், 2018 மார்ச் 5ஆம் திகதிக்கு முந்திய நமது மௌனம் எதை நிறுத்தியது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மன்றத்தின் முன் எங்கள் வேண்டுகோள் சிறியது. பெரிய மாநாடு வேண்டாம், பேனர் வேண்டாம், வெளியூர் நிதியும் வேண்டாம். வெளியூர் நிதி வந்தாற் கணக்குக் கேட்க நூறு பேர், சந்தேகப்பட இருநூறு பேர். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நமது வாசிகசாலையில் இரு வகுப்புகள் நடத்துவோம். ஒன்று நமது பிள்ளைகளுக்குச் சிங்களம்; பத்திரிகை வாசிக்கவும் பொலிஸ் முறைப்பாட்டைத் தாமே எழுதவும் தக்க சிங்களம். மற்றது அயற் கிராமத்துச் சிங்களப் பிள்ளைகளுக்குத் தமிழ். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இரண்டும் வரும்; அவர்களுட் சிலரையே ஆசிரியராக அழைக்கலாம். பன்சலைத் தேரரையும் பள்ளிவாசல் நிருவாகிகளையும் கேட்டுக்கொள்ளச் செயற்குழு இருவரை அனுப்பினாற் போதும். வகுப்பு முடிந்த பின் தேநீர். முதல் மாதங்களிலே பன்றியும் குரங்கும் தோட்டத்தை அழிப்பதைப் பேசட்டும். தண்ணீர்க் குழாயைப் பேசட்டும். ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. ஆறு மாதத்தின் பின் ஒரு மாலை 1983ஐப் பேச வேண்டும். ஒரு மாலை 2018ஐ. ஒரு மாலை, 1988, 89ஆம் ஆண்டுகளிலே சிங்களக் கிராமங்களில் இளைஞர்கள் காணாமற்போனதை அவர்கள் சொல்ல நாம் கேட்க வேண்டும். அதையும் நாம் இதுவரை கேட்டதில்லை. பெரியோர்களே, 1983ஐச் சொல்லும் மாலைக்கு நீங்கள் வந்து சொல்ல வேண்டும். நாங்கள் அன்று பிறக்கவில்லை; நீங்கள் சொன்னால்தான் உண்டு. நீங்கள் சொல்வதைச் சிங்களத்தில் மொழிபெயர்க்க ஆறு மாதத்துக்குள் எங்களிலிருந்து ஒருவரை ஆயத்தப்படுத்துகிறோம்.

விழா முடிந்து போகும்போது வாசலருகே மேசையில் ஒரு கொப்பி வைக்கப்பட்டிருக்கும். சிங்களம் படிக்க விரும்புவோர் முதற் பக்கத்திலும், தமிழ் கற்பிக்க முன்வருவோர் நடுப் பக்கத்திலும் பெயரெழுதலாம். வயதெல்லை இல்லை. பேனையை மட்டும் திருப்பி வைத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம். சென்ற ஆண்டு மூன்று பேனை காணாமற் போயின.